பதினொன்றாம் நிமிடத்து மேடு

1967 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. காலை மணி பத்து இருபது. கோவைக் கணபதியில் உங்கள் பட்டறையின் பின்னறை. இதுவரை எந்திரத்தில் ஓட்டிய ஓட்டங்கள் நாற்பத்தெட்டு. கண்டுபிடித்த புதுக் கிருமிகள் பூஜ்யம்.

தலை நிறைய எண்ணெயோடு போய்ச் சேர்ந்த என் மச்சானுக்கு,

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, உங்களுக்கே தெரியும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயரை வைக்கப்போவதாக நான் அக்காவிடம் சொன்னேனே ஒரு கிருமி, அது கிருமியே இல்லை. பிறகு என்ன என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்கே தெம்பு வேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமை உங்களுக்கு வருஷம் திரும்புகிறது. வருகிறவர்கள் கையில் கொடுக்க அக்கா நான்கு பக்கத்தில் ஒரு நினைவுமலர் அச்சடிக்கிறாள். முதல் பக்கம் உங்கள் படம். இரண்டாம் பக்கம் சொந்தபந்தங்களின் பெயர். யார் பெயருக்கு மேலே யார் பெயர் என்று இரண்டு நாள் சண்டை நடந்து நேற்றுதான் ஓய்ந்தது. நான்காம் பக்கம் பட்டறை விளம்பரம். மூன்றாம் பக்கம்தான் கிருமி. "கோவைக் கிருமிக்கு இவர் பெயர்" என்று தலைப்பை அச்சுக் கோத்து வைத்துவிட்டார்கள். கீழே வர வேண்டிய விஷயத்தை நான் எழுதித் தர வேண்டும். அச்சகத்துக்காரர் இன்று மாலை ஐந்து மணிவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்காவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. முன்னறையில் ஒரு பம்புசெட்டுக்காரரிடம், "ஏனுங்க, நேத்தே சொன்னனுங்களே, காதுல விழுகலீங்களா" என்று மரியாதையாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிப் பழகிக்கொள்கிறேன். நீங்கள் குறுக்கே பேச முடியாது. இந்த ஒரு வசதி நீங்கள் இருந்தவரை எனக்குக் கிடைத்ததே இல்லை.

எல்லாம் நாற்றத்தில்தான் ஆரம்பித்தது. லேத்தில் உளி சூடேறாமல் இருக்க ஊற்றுகிறோமே, பால் மாதிரி ஒரு தண்ணீர், கூலண்ட். ஞாயிறு முழுக்க அது தொட்டியில் அசையாமல் கிடந்தால் திங்கட்கிழமை காலையில் பட்டறைக்குள் கால் வைக்க முடியாது. முதல் மாதம் எலி செத்துக் கிடக்கிறது என்று பட்டறையையே புரட்டிப்போட்டீர்கள். இரண்டாம் மாதம் ஃபிட்டர் ரங்கனின் காலுறை என்றீர்கள். அவன் வாழ்நாளில் காலுறை போட்டதில்லை. மூன்றாம் மாதம் உங்கள் அண்ணன் வந்து, கண்ணுபட்டுவிட்டது என்று தொட்டிக்கு மேலே எலுமிச்சம்பழம் கட்டினார். அடுத்த திங்கட்கிழமை பழமும் சேர்ந்து நாறியது.

நான் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கிருமிப் பிரிவில் சேர்ந்து அப்போது ஆறு மாதம். ஒரு சீசாவில் கூலண்டை அள்ளிக்கொண்டு போய் வளர்த்துப் பார்த்தேன். தட்டு கொள்ளாமல் முளைத்திருந்தது. வந்து உங்களிடம் சொன்னேன்.

"கிருமிதானுங்க மச்சான்."

"பேரு என்ன மாப்ள?"

"பேரெல்லாம் இனிமேதானுங்க பாக்கோணும். மூணு வாரமாகும்."

"மூணு வாரமா? ஒருத்தன் என்ற பட்டறைக்குள்ள குடிவந்து ஊரையே நாறடிக்கறான். அவன் பேரத் தெரிஞ்சுக்க மூணு வாரமா? நீ படிச்சதுக்கு அந்த எலுமிச்சம்பழமே தேவுல போ."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நீங்கள் சொன்னது சரிதான். எங்கள் முறை அப்படிப்பட்டது. இந்தச் சர்க்கரையைத் தின்கிறதா, அந்தச் சர்க்கரையைத் தின்கிறதா என்று ஒவ்வொரு குழாயாக ஊட்டிவிட்டு, நிறம் மாறுகிறதா என்று காத்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு விருந்து வைத்து முகத்தைப் பார்ப்பது மாதிரி. எனக்குக் காத்திருக்க ஆகாது.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரிக்கு வந்த ஓர் ஆராய்ச்சி இதழில் அந்தக் கட்டுரையைப் படித்தேன். கிருமியைக் கொன்று, அதன் உடம்பில் இருக்கிற கொழுப்பு அமிலங்களைப் பிரித்துப் பார்த்தால் ஒரே நாளில் அது இன்னதென்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு கிருமிக்கும் ஒவ்வொரு கலவை. அமிலத்தை மெத்தனாலில் கொதிக்கவைத்து லேசான பொருளாக மாற்றி, ஆவியாக்கி, பொடி அடைத்த நீளக் குழாய்க்குள் வாயுவோடு அனுப்ப வேண்டும். சின்னது முதலில் வெளியே வரும், பெரியது கடைசியில் வரும். வெளிநாட்டில் அப்படி வருகிறதையும் துண்டு துண்டாக உடைத்து எடைபோட்டுப் பார்க்கிற எந்திரம் இருக்கிறதாம். நமக்கு எடைபோடுகிற வசதி இல்லை. எந்த நிமிடத்தில் எது வருகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இதை உங்களுக்குப் புரியவைக்க அரைமணி நேரம் படம் போட்டேன். நீங்கள் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டீர்கள்.

"அந்தியூர்ச் சந்தை முடிஞ்சு எல்லாத்தையும் ஒரே பாதைல ஓட்டியுட்டா, குதிரை மொதல்ல ஊடு சேரும். எருமை கடைசில வரும். அத்தானே?"

"அத்தேதானுங்க."

"இதுக்கா இத்தன படம் போட்டே? வா, செஞ்சுபோடலாம்."

ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தோம். குளிர்பெட்டிக்குப் போடுகிற செம்புக் குழாயைச் சுருட்டினீர்கள். வார்ப்படப் பட்டறையில் உடைந்து கிடந்த சூளைக்கல்லை இடித்துச் சலித்து அதற்குள் அடைத்தோம். பிஸ்கட் டின்னுக்குள் ஹீட்டர் சுருளைப் பொருத்தி அடுப்பாக்கினோம். டார்ச் பல்புகளின் கண்ணாடியை உடைத்து, உள்ளே இருக்கிற இழையை எந்திரத்தின் மூக்காக வைத்தீர்கள். வாயுவோடு வேறு ஏதாவது வந்தால் இழையின் சூடு மாறும், முள் ஆடும். பத்து விநாடிக்கு ஒரு முறை முள்ளைப் பார்த்து வரைபடத் தாளில் புள்ளி வைப்பது என் வேலை. ஏதாவது வெளியே வருகிறபோது புள்ளிகள் மேடாக ஏறி இறங்கும். கல்லூரியில் இதை வைக்க இடம் தர மாட்டேன் என்றார்கள். கரண்டு கொடுத்த பிஸ்கட் டின்னைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் இந்தப் பின்னறை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் எந்தத் திருகையும் வெறுமனே உள்ளே ஏற்றியதில்லை. எடுத்ததும் தலையில் இரண்டு தேய்ப்பு. பிறகுதான் திருப்புளி. அந்த அலையலையான கிராப்பில் எப்போதும் கால் லிட்டர் தேங்காயெண்ணெய் இருப்பில் இருக்கும். "எண்ணெய்க் கேன் இங்கதானுங்களே இருக்குது மச்சான்" என்றால், "அதைத் தேடுற நேரத்துக்கு நாலு திருகு ஏத்திப்போடுவேன்" என்பீர்கள். அசிங்கம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். பதிலுக்குச் சீப்பை எடுத்துத் தலை வாரினீர்கள்.

போன வருஷம் இதே ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை, கடைசித் திருகைத் தலையில் தேய்த்து ஏற்றினீர்கள். ஒரு சொட்டு ஈதரை விட்டோம். முள் ஆடியது. "பாத்தியா, குதிரை வந்துருச்சு" என்றீர்கள். புதன்கிழமை லேத் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். "சித்த உக்காந்துட்டு வாரேன்" என்றுதான் சொன்னீர்கள். முப்பத்தொன்பது வயசு. நாறடித்தவன் பேர் தெரியாமலேயே போய்விட்டீர்கள். அவ்வளவு என்ன அவசரம்? அவசரக்காரன் என்ற பட்டம் வீட்டில் எனக்குத்தானே இருந்தது?

பதினாறாம் நாள் முடிந்ததும் உங்கள் அண்ணன் பட்டறையைப் பூட்டச் சொன்னார். அக்கா சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். இப்போது மைக்ரோமீட்டர் பார்க்கிறாள். ரங்கன் அவளுக்குப் பயந்து காலுறை போடுகிறான். கூலண்ட் மட்டும் திங்கட்கிழமை தவறாமல் நாறுகிறது.

நான் பத்து மாதம் இந்த அறைப்பக்கம் வரவில்லை. ஜூன் மாதம் அக்காதான் பூட்டைத் திறந்துவிட்டாள். "பாதில உட்டுப்போட்டா அவருக்கு ஆகாது" என்றாள். அதோடு இன்னொன்றும் செய்தாள். நீங்கள் பொள்ளாச்சிச் செக்கில் ஆட்டி வாங்கி வைத்த தேங்காயெண்ணெய் டின் சமையலறை மூலையில் அப்படியே இருந்தது. "நீயாச்சும் தலைக்கு வெச்சுத் தீரு. பாக்கப் பாக்க எனக்கு ஒரு மாதிரி இருக்குது" என்றாள். நானும் தினம் காலையில் வைத்துக்கொண்டேன். இதைக் கவனத்தில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

முதல் ஓட்டத்திலேயே பதினொன்றாம் நிமிடத்தில் ஒரு மேடு வந்தது. மேடு என்றால் மருதமலை. பதினெட்டாம் நிமிடத்தில் அதன் தம்பி மாதிரி ஒரு சின்ன மேடு. கணக்குப் போட்டேன். முதல் மேடு பன்னிரண்டு கார்பன் அமிலம், தம்பி பதினாலு கார்பன். நான் படித்த எந்தக் கிருமியிலும் பன்னிரண்டு இந்த அளவுக்குக் கிடையாது. இருந்தால் துளிதான் இருக்கும். என் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறேன், பாருங்கள்: "லாரிக் அமிலம். தேங்காயில் மிகுதி. இந்தக் கிருமியிலும்." கடைசி இரண்டு சொல்லுக்கு அடிக்கோடு வேறு. இதைப் படிக்கிற எவரும் என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

புதுக் கிருமி என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டேன். கண்டுபிடித்தவன் பெயர் வைக்கலாம் என்பது வழக்கம். அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் மாவு பிசைந்த கையோடு நின்று கேட்டாள்.

"அது நல்ல கிருமியா, கெட்ட கிருமியா?"

"நாத்தம் புடிச்ச கிருமி."

"பேதி கீதி வருமா?"

"வராது."

"அப்ப வெய்யி. பேதினு சொல்லியிருந்தா ஒத்துக்கமாட்டேன்."

பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய்த் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். ஆடி பதினெட்டுக்கு வந்த உங்கள் அண்ணனுக்கு மட்டும் ஆகவில்லை.

"ஏப்பா நடராஜு, ஒரு பள்ளிக்கொடத்துக்கு அவன் பேரு வெக்கலாம். ஒரு கெணத்துக்கு வெக்கலாம். நாத்தத்துக்கா வெப்பாங்க?"

"விஞ்ஞானத்துல இது பெரிய மரியாதைங்க."

"எங்க வம்சத்துல ஒருத்தன் பேரையும் மருந்து அடிச்சுக் கொல்ற சாமானுக்கு வெச்சதில்ல."

அக்கா உள்ளே இருந்தபடியே, "உசுரோட இருக்கையில அவரு பேர ஒரு பொட்டிக்கடைக்குக்கூட நீங்க வெக்கலீங்களே" என்றாள். அவர் மோர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மச்சான், வியாழக்கிழமை அவர் முதல் வரிசையில் உட்காருவார். அக்காவின் கஷ்டம் இப்போது உங்களுக்குப் புரிகிறதா?

எங்கள் பேராசிரியர் நிதானமானவர். "இன்னும் நாற்பது தடவை ஓட்டுங்க மிஸ்டர், அப்புறம் பேர் வைக்கலாம்" என்றார். ஓட்டினேன். மேடு வந்தது. ஆனால் ஒரு கோளாறு. சனிக்கிழமைகளில் வரவில்லை. ஒன்பது சனிக்கிழமை ஓட்டினேன், ஒன்பதிலும் பதினொன்றாம் நிமிடம் கூலண்ட் தொட்டி மாதிரிச் சமதளம். திங்கட்கிழமை மறுபடி மருதமலை.

நான் என்னவெல்லாம் சந்தேகப்பட்டேன் என்று கேளுங்கள். சனிக்கிழமை பக்கத்துப் பட்டறை அரைநாள், அதனால் கரண்டு கூடுகிறது என்று நினைத்தேன். வளர்ப்புச் சாறு பழசாகிறது என்று நினைத்தேன். ரங்கனைக்கூட விசாரித்தேன். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்க கிருமி சனிக்கிழமை விரதமோ?" என்றார். அவர் கிண்டல் பண்ணினார். நான் மடத்தனமாக அதை வீட்டில் வந்து சொல்லிவிட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவரும் சனிக்கெழமை பெருமாளுக்கு ஒருபொழுதுதானே இருப்பாரு" என்றாள்.

மூன்றாம் பக்கத்துத் தலைப்பை அவள் அச்சகத்தில் கொடுத்தது அதற்கு அடுத்த நாள்.

போன வெள்ளிக்கிழமை, நாற்பத்தாறாவது ஓட்டத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். மெத்தனால் கொதிக்கிற குடுவையின் வாயை ரப்பர் கார்க்கால் அடைக்க வேண்டும். அந்தக் கார்க்கின் ஓட்டைக்குள் கண்ணாடிக் குழாயை ஏற்ற வேண்டும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, கார்க்கை நனைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் குடுவைக்குள்ளேயே விழும். ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவி மறுபடி ஏற்றுகிற வேலை. ரப்பர் இறுக்கமாக இருக்கும், குழாய் லேசில் போகாது. அக்கா காப்பியோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. அவராட்டவே பண்றே."

"என்ன பண்றேன்?"

"கண்ணாடியத் தலைல தேய்க்கறே பாரு."

தம்ளரை வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டாள். நான் கையைப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய் என் தலைமயிருக்குள் பாதிவரை போயிருந்தது. மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், அப்படிச் செய்கிறேன் என்று எனக்குத் தெரியாது. எப்போது என் கைக்கு வந்தது அது? அசிங்கம் என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை. அக்கா வீட்டில் சனிக்கிழமை என்றால் நல்லெண்ணெய்க் குளியல் தப்பாது. அரப்புத் தூள் தேய்த்துக் கசக்கினால் தலை தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு மறுபடி எண்ணெய் வைக்க விடமாட்டாள். அரப்புத் தண்ணீர் கண்ணில் இறங்கி எரிந்தபோது, கையில் சொம்போடு அப்படியே நின்றுவிட்டேன். சனிக்கிழமை. தலையில் எண்ணெய் இல்லாத ஒரே நாள்.

நேற்று நாற்பத்தேழாம் ஓட்டம்: கிருமி இல்லை, தலை உண்டு. குடுவையில் வெறும் மெத்தனால், கார்க்கில் தலையில் தேய்த்த குழாய். பதினொன்றாம் நிமிடத்தில் மருதமலை, பதினெட்டில் தம்பி. இன்று காலை நாற்பத்தெட்டாம் ஓட்டம்: கிருமி உண்டு, தலை இல்லை. குழாய்க்குக் கிளிசரின் தடவினேன். பதினொன்றாம் நிமிடத்தில் எறும்பு ஏறுகிற அளவுக்குக்கூட மேடு இல்லை. மீதி இருந்த மேடுகளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சூடோமோனாஸ் வகை. கிணற்றிலும் சாக்கடையிலும் ஈரமான எல்லா இடத்திலும் இருக்கிறவன். எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது.

கிருமி இல்லாமல் ஒரு தடவை வெறுமனே ஓட்டிப் பார்த்திருந்தால் ஜூன் மாதமே தெரிந்திருக்கும். முதலாம் ஆண்டு மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். எனக்குப் பொறுமை இல்லை. அவ்வளவுதான் விஷயம். இனி எழுந்து போய் அக்காவிடம் சொல்ல வேண்டும்.

மணி பன்னிரண்டு நாற்பது.

சொல்லிவிட்டேன். பம்புசெட்டுக்காரர் போகிறவரை காத்திருந்து சொன்னேன். சாணைக்கல் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டாள்.

"அப்ப கிருமி?"

"அது சாதாரணக் கிருமிக்கா. ஏற்கெனவே பேரு இருக்குது."

"அந்த மேடு?"

"அது என்ற தலையெண்ணெ."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"தலையெண்ணெயா? ரெண்டரை மாசமா காலேசுக்கும் கணபதிக்கும் சைக்கிள் மிதிச்சுக் கண்டுபுடிச்சது உன்ற தலையெண்ணெயவா?"

"ஆமாக்கா."

"இதுக்குத்தானா உன்னய பி.எஸ்ஸி. படிக்கவெச்சது?"

சிரிக்க ஆரம்பித்தாள். மச்சான், ஒரு வருஷம் கழித்துச் சிரிக்கிறாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, லேத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரங்கன் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடினான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவள் திடீரென்று கேட்டாள்.

"இரு, எந்த எண்ணெ? டின்னுலதா?"

"அதுதான்."

"அவரு வாங்கியாந்ததா?"

"ஆமா."

"கிருமியே இல்லாம ஒருக்கா ஓட்டுனனு சொன்னியே. அதுலயும் மேடு வந்துச்சா?"

"அதுலதான் நல்லா வந்துச்சு."

"அந்தப் பேப்பர எனக்குக் குடு."

"எதுக்குக்கா? அதுல ஒண்ணுமே இல்ல."

"கிருமி இல்லைனா அது முச்சூடும் அவருதானே. குடு."

விஞ்ஞானப்படி இதற்கு ஓர் அர்த்தமும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தேன். விஞ்ஞானப்படியும் அவள் சொன்னது சரிதான். அந்தத் தாளில் உங்கள் எண்ணெயைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஒரு நகல் வரைந்துகொண்டு கொடுத்துவிட்டேன். உங்கள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள்.

ஆனால் வியாழக்கிழமை அப்படியே இருக்கிறது. "பெரியவரு மோர் குடிச்சுக்கிட்டே சிரிப்பாரு, அது ஒண்ணுதான் எனக்கு ஆகாது" என்றாள். எனக்கும் அது ஆகாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பேராசிரியரைப் பார்க்கக் கிளம்புகிறேன்.

மணி நான்கு ஐந்து.

பேராசிரியர் திட்டவில்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நாற்பத்தேழாம் ஓட்டத்தின் நகலைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "டின்ல இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றார்.

"முக்கால் டின்னுங்க சார்."

"தலையில தேய்க்கறதை இன்னியோட நிறுத்துங்க."

"நிறுத்திட்டேனுங்க சார்."

"அசிங்கத்துக்காகச் சொல்லலை மிஸ்டர். தீர்ந்துடும். பன்னிரண்டு எங்க வரும்னு நீங்க கணக்குப் போட்டுத்தானே சொன்னீங்க? கையில வெச்சு ஓட்டிப் பார்க்க இதுதான் பன்னிரண்டுன்னு தெரிஞ்ச சாம்பிள் ஒண்ணும் கிடையாதே. நானும் வெளிநாட்டிலேருந்து அதை வரவழைக்க அனுமதி கேட்டு எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு. இது ஒரே செக்கு, ஒரே டின், பன்னிரண்டும் பதினாலும் பக்கத்துல பக்கத்துல நிக்கறது. இதைவிட என்ன வேணும்? தினம் முதல்ல இதை ஓட்டுங்க. எந்திரம் இன்னிக்கு ஒழுங்கா இருக்கான்னு இது சொல்லும். அப்புறம் கிருமியை விடுங்க."

உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். சந்தைப் பாதையில் தினமும் முதலில் நமக்குத் தெரிந்த குதிரை ஒன்றை ஓட்டிவிட வேண்டும். அது எப்போது வீடு சேருகிறது என்று பார்த்தால்தான் மற்றதெல்லாம் எது எதுவென்று சொல்ல முடியும். அந்தக் குதிரை நீங்கள்.

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். "அப்ப எந்தக் கிருமி வந்தாலும் மொதல்ல அவரக் கேட்டுட்டுத்தான் உள்ள வரோணும்?" என்றாள். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். "இதப் பெரியவருகிட்ட நான் சொல்லிக்கறேன், நீ வாயத் தொறக்காதே" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மூன்றாம் பக்கத்துக்கு வேறு விஷயம் எழுத நேரமில்லை. இந்தக் கடிதத்தையே கொடுக்கச் சொன்னாள். நீளம் கூடிவிட்டால் விளம்பரத்தை எடுத்துவிடலாமாம். ஆகவே உங்கள் அண்ணனும் இதைப் படிக்கப்போகிறார். படிக்கட்டும். அந்த எலுமிச்சம்பழம் நாறியது உண்மை.

அச்சகத்துக்குக் கிளம்ப வேண்டும். இனி நான் செய்யப்போவது:

1. பழைய தலைப்பை எடுத்துவிட்டு, கோத்த எழுத்தைக் கலைக்கிறவரை பக்கத்திலேயே நின்று பார்ப்பேன்.

2. எல்லா ரப்பர் கார்க்குகளையும் மெத்தனாலில் கொதிக்கவைத்துக் கழுவுவேன். கண்ணாடிக் குழாய்க்கு இனிமேல் கிளிசரின் மட்டும்.

3. கூலண்ட் தொட்டியை வாரம் ஒரு தடவை காலிசெய்து சுடுசோடாத் தண்ணீரில் தேய்க்கச் சொல்வேன். நீங்கள் கேட்ட பேர் சூடோமோனாஸ். மூன்று வாரம் என்றேன், இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. மன்னியுங்கள்.

4. டின்னிலிருந்து ஒரு லிட்டர் எண்ணெயைப் பழுப்புச் சீசாவில் ஊற்றி, காற்றுப் புகாமல் அடைத்து, கல்லூரியின் குளிர் அறையில் வைப்பேன். சீட்டில் உங்கள் பெயரைப் போட்டு "பொன்னுசாமி, பன்னிரண்டு" என்று எழுதுவேன்.

5. புதுக் கிருமி என்று இனி எது தோன்றினாலும், வெறுமனே ஒரு தடவை ஓட்டாமல் அக்காவிடம் சொல்லமாட்டேன்.

6. தினமும் காலையில் முதல் ஓட்டம் உங்களுடையது. சனிக்கிழமையும்.

7. திருகுகளை மட்டும் தலையில் தேய்த்துத்தான் ஏற்றுவேன். திருகு எந்தக் குடுவைக்குள்ளும் போவதில்லை, அதனால் ஆராய்ச்சிக்கு ஒரு கெடுதலும் இல்லை. அதற்கு வேண்டிய எண்ணெயைக் கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அம்மணியின் தம்பி, நீங்கள் "மாப்ள" என்று கூப்பிட்டால் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிற
நடராஜ்